புது மீன் விட்டால் விளக்கை அணை

காலையில் டீக் கோப்பையோடு கூடத்துக்கு வந்த கிளெனிஸ், தொட்டியில் இருந்த மீன்கள் எல்லாம் மேலே நிற்பதைப் பார்த்தாள். நீலப் பொடி மீன்கள், வயசான கோமாளி மீன் ஜோடி, அத்தனையும் வலது மூலையில், பம்ப் தண்ணீரைக் கொட்டுகிற இடத்தில், பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம்போல ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. ஆறடி நீளத் தொட்டியில் மீதி இடமெல்லாம் காலி. நடுவில் ஒரு பெரிய பாறை, கீழே வெள்ளை மணல். முந்தைய நாள் சாயங்காலம் விட்ட புது மீனைக் காணோம்.

உள்ளங்கை அகலத்துக்கு எலுமிச்சை மஞ்சளில் இருந்த மீன் அது. ஒளிந்துகொள்ள நினைத்தாலும் முடியாத நிறம். குனிந்து பார்த்தாள், பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஒரு செதில்கூட இல்லை. இது முதல் தடவையாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

நாற்காலியில் அவள் கணவர் மெர்வின் உட்கார்ந்திருந்தார். சட்டை பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். அவருடைய கண்கள் தொட்டியில் எதையோ தேடித் தேடி ஓய்ந்தன. பிறகு நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்து எழப் பார்த்தார். கிளெனிஸ் டீயை வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மெர்வின் டிரெகேர் கடலுக்குள் தள்ளியிருக்கும் பவழப்பாறைகளில் முங்கி, அழகு மீன் பிடித்து விற்றே பிழைத்த மனிதர். உலகத்தில் எங்கெங்கோ டாக்டர் வீடுகளிலும் ஹோட்டல்களிலும் அவர் பிடித்த மீன்கள் நீந்தியிருக்கின்றன. கடைசியாக முங்கிய அன்று அந்தப் பாறையைக் கொண்டுவந்து வீட்டில் இந்தத் தொட்டியைக் கட்டினார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் போனது. சாவி போனது, மகள் பிறந்த ஊர் போனது, ஒரு நாள் கழிப்பறை எந்தப் பக்கம் என்பதே போனது. தொட்டி மட்டும் போகவில்லை. அதில் மீன் இருந்தால் போதும், சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருப்பார். புது மீன் வந்தால் இன்னும் விசேஷம். அது போகும் பக்கமெல்லாம் அவர் முகமும் போகும். அந்த மீன் காணாமல் போனால் எழுந்து தேடப் போய்விடுவார்.

போன தடவை அவரைப் படகுத்துறையில் கண்டுபிடித்தார்கள். முதலை எச்சரிக்கைப் பலகைக்கு அந்தப் பக்கம், ஆற்றில் முழங்கால் ஆழத்தில் நின்று, தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். பிரிஸ்பேனில் இருக்கும் மகள் காரினா அன்றைக்கே போனில் தீர்த்துச் சொல்லிவிட்டாள். "அப்பா இன்னொரு தடவ வெளிய போனா அவ்ளோதாம்மா. கெய்ர்ன்ஸ்ல ஹோம்ல இடம் இருக்கு, நான் பேசிட்டேன்." முதியோர் ஹோமில் விடமாட்டேன் என்று கிளெனிஸ் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். கொடுத்தது அவருக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருந்ததே, அதுதான் தொல்லை.

ஆகவே மீன் காணாமல் போகக் கூடாது. போனால், ஏன் என்று தெரிந்தாக வேண்டும்.

பக்கத்து இன்னிஸ்ஃபெய்லில் அழகு மீன் கடை வைத்திருக்கும் என்ஸோ பாவன் காரினாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். வாயைத் திறந்தால் கிண்டல்தான். மீன் எகிறிக் குதித்திருக்கும் என்றான். அவள் தொட்டிக்கு வலைச்சட்டம் போட்டு மூடினாள், தொட்டியைத் தாங்கும் பலகைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தாள். செத்து விழுந்திருந்தால் பச்சை எறும்பு காட்டிக்கொடுத்திருக்கும், ஒரு எறும்பும் இல்லை. ஃபில்டருக்குள் போயிருக்கும் என்றான், பிரித்துக் கழுவினாள். நண்டு என்றான், கண்ணாடி டம்ளரில் இறால் துண்டு போட்டுப் பாறையில் சாய்த்து வைத்தாள். காலையில் இறால் இல்லை, டம்ளரும் இல்லை. மணலை விரலால் கிளறப் போனவள், ஏனென்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

இதற்கு நடுவில் அவள் ஒரு கேவலமான காரியமும் செய்தாள். மெர்வின் தூங்கும்போது அவருடைய பாக்கெட்டுகளைத் துழாவினாள், குப்பைக் கூடையைக் கொட்டிப் பார்த்தாள். நாற்பத்து சொச்சம் வருஷம் கூட வாழ்ந்த மனிதரைத் திருடனைப்போலச் சோதிக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஒன்றும் கிடைக்காதபோது நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

என்ஸோ சொன்னதில் ஒன்றை மட்டும் அவள் மாத்திரை கொடுப்பதுபோலத் தவறாமல் செய்துவந்தாள். உப்புத்தண்ணீர் மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். புது மீனை விடும்போது தொட்டி விளக்கை அணைத்துவிட வேண்டும். பழைய மீன்களுக்கு இருட்டில் சண்டை வராது. புதிதாக வந்தது பயமில்லாமல் ஒரு மூலை பார்த்து ஒதுங்கிக்கொள்ளும். மருமகள் வந்த அன்றைக்கே மாமியார் முகத்தைக் காட்டக் கூடாது என்பான் என்ஸோ.

அந்த வாரமே இன்னொரு மீன் வாங்கினாள். இந்தத் தடவை கூடவே உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு.

மெர்வின் நன்றாக இருந்த காலத்தில் சொல்வார்: பவழப்பாறைப் பிராணிகளுக்குச் சிவப்பு வெளிச்சம் கண்ணில் படாது, சிவப்பு டார்ச் அடித்தால் தாம் தனியாக இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். கிறிஸ்துமஸ் கூடையைச் சுற்றி வந்த சிவப்பு செலோஃபேன் தாளை டார்ச்சில் மடித்துக் கட்டினாள். பொழுது சாயும் நேரம். தகரக் கூரையில் மழை பரபரவென்று கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கும் தூண்களுக்கு நடுவே, கீழே ஈரத்தில், தவளைகள் விடாமல் கத்தின. சுவரில் பூஞ்சை நாற்றம், தொட்டியிலிருந்து வற்றிய கடற்கரையின் நாற்றம், இரண்டும் கலந்து கூடத்தில் தேங்கி நின்றன. பம்ப் முனகிக்கொண்டே இருந்தது. மீனைப் பையிலிருந்து விட்டாள், வலைச்சட்டத்தை மூடினாள், விளக்கை அணைத்தாள். மெர்வின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டார்ச்சின் மங்கல் சிவப்பில் மீன் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. பாறையை ஒட்டி, செவுள் படபடக்க, நின்ற இடத்திலேயே நின்றது.

பழைய மீன்கள் மேல் மூலைக்கு ஏறின. யாரோ மணி அடித்ததுபோல, எல்லாம் ஒரே நேரத்தில்.

அப்புறம் மணலில் ஐந்து விரல்கள் தெரிந்தன. விரல்கள் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். மெல்லியவை, எலும்பில்லாதவை. மணலுக்கு மேலே நீட்டிக்கொண்டு, காற்றை முகர்வதுபோலத் தண்ணீரை முகர்ந்தன. மீன் கொஞ்சம் கீழே இறங்கியது.

மீன் இல்லை.

சத்தம் இல்லை, குமிழி இல்லை. மணல் புகைபோல எழுந்து மெதுவாக அடங்கியது. அதே நேரத்தில் தொட்டியின் மறுகோடியிலும், ஆறடி தள்ளி, மணல் மெல்லப் புரண்டு படுத்தது.

மெர்வின் சிரித்தார். தெருவில் தெரிந்தவர் போவதைப் பார்த்தவர்போல ஒரு சின்னச் சிரிப்பு. கிளெனிஸ் எழுந்து தொட்டி விளக்கைப் போட்டாள், கூடத்து விளக்கைப் போட்டாள், அடுப்படி விளக்கையும் போட்டாள். அவளுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது; சர்ச்சுக்குப் போவதே கேக்குக்காகத்தான். இருந்தும் அன்றைக்கு எந்த விளக்கையும் அணைக்க அவளுக்குக் கை வரவில்லை.

மறுநாள் ரேடியோவில் புயல் எச்சரிக்கை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கெய்ர்ன்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். மின்சாரம் போனால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் இருக்கிற மீன்களும் மூச்சு முட்டி மிதக்கும், மிதந்தால் மெர்வின் எழுந்துவிடுவார். பேட்டரியில் ஓடுகிற சின்னக் காற்று பம்ப் ஒன்று வேண்டும். அது புயலுக்கு முன்னால் ரொட்டியைவிட வேகமாகத் தீர்ந்துபோகும் சாமான்.

ஜன்னல் பலகைகளை எல்லாம் சாத்தித் தாழிட்டாள். வீட்டுக்குள் பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது, தொட்டி விளக்கு மட்டும் நீலமாக எரிந்தது. மெர்வினை அதன் முன்னால் உட்கார வைத்து, கையில் பிஸ்கட் கொடுத்து, போய்விட்டு உடனே வந்துவிடுவேன் என்றாள். அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வெளியிலிருந்து கதவைப் பூட்டினாள். அதை அவள் எப்போதும் செய்ததில்லை. சாவியைத் திருப்பும்போது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வேறு வழியும் தெரியவில்லை.

கடையில் கடைசி பம்ப்பை என்ஸோ அவளுக்கென்று எடுத்து வைத்திருந்தான். நான்கு சுவரிலும் தொட்டிகள், எல்லாவற்றிலும் பம்ப்புகள். தேனீக்கூட்டுக்குள் நுழைந்ததுபோல இரைச்சல். அவள் பார்த்ததைச் சொன்னாள். அவன் முதலில் தமாஷாகத்தான் ஆரம்பித்தான்.

"புழுவா இருக்கும் மிஸஸ் டி. பாறைக்குள்ள நூல் மாதிரி வந்து ஒட்டிக்கிட்டு, சிந்தினது செதறினதத் தின்னு வளரும். மழை விடட்டும், வந்து பாறைய வெளிய எடுத்துடறேன். நீங்க மட்டும் கத்தி கித்தி எடுத்து வெட்டிடாதீங்க. வெட்டுனா ஒவ்வொரு துண்டும் தனிப் புழுவாயிடும், அப்புறம் வாடகை கேக்க வேண்டியதுதான்."

அவள் சிரிக்கவில்லை. "இந்தப் பக்கம் மீன் போச்சு என்ஸோ. அதே நேரத்துல அந்தக் கோடியில மணல் பொரண்டுச்சு."

"ஒண்ணுக்கு மேல இருக்கும்."

"ஒண்ணுதான்."

என்ஸோ கையிலிருந்த வலையைக் கீழே வைத்தான். எப்போது வந்தது என்று கேட்டான். விளக்கை அணைத்த உடனே என்றாள். முன்னால் விட்ட மீன்களுக்கும் அப்படித்தான் அணைத்தீர்களா என்று கேட்டான்.

"நீதானே சொன்ன, புது மீன் விட்டா வெளக்க அணைக்கணும்னு."

அவன் முகத்தில் கிண்டல் இல்லாமல் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "எங்க வீட்டு நாய் தூங்கிட்டிருந்தாக்கூட டப்பா மூடி சத்தம் கேட்டா ஓடி வந்துடும்," என்றான் மெதுவாக. "இத்தன நாளா நீங்க அதத்தான் பண்ணியிருக்கீங்க மிஸஸ் டி. ராத்திரி ராத்திரி அது பாட்டுக்கு இருட்டுது, அது வேற. நேரங்கெட்ட நேரத்துல வெளக்கு போச்சுன்னா சாப்பாடு வருதுன்னு அதுக்குப் பழக்கம் ஆயிருக்கு."

கடையின் விளக்குகள் அணைந்தன.

பம்ப்புகள் நின்றன. ஒன்று விடாமல். அந்தக் கடையில் அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதில்லை. அந்த அமைதிக்குள் கடைசிக் குமிழிகள் உடைவது தனித்தனியாகக் கேட்டது. என்ஸோ தெருவை எட்டிப் பார்த்தான். சர்க்கரை ஆலை இருட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருட்டு. அவள் வீடிருக்கும் கடற்கரைப் பக்கமும் கரண்ட் போயிருக்கும், ஒரே லைன்தான் என்றான். அவன் சொல்லி முடிக்கும்போது அவள் காருக்குள் இருந்தாள்.

மழையில் துடைப்பான் என்ன அடித்தும் முன்கண்ணாடி தெளியவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் கரும்பு, தார்மேல் கவிழ்ந்து கிடந்தது, இலைகள் கார்க் கதவுகளைக் கரகரவென்று சுரண்டின, பள்ளங்களில் தண்ணீர் சக்கரத்தை மூடி அடியில் மோதியது, ஒவ்வொரு மோதலுக்கும் அவள் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கினாள். வீட்டுக்கு போன் போட்டாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அவருக்கு போன் எடுக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். மறுபடியும் போட்டாள். வலைச்சட்டம் இருக்கிறது, க்ளிப் போட்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். அது மணலை விட்டு வராது. அவர் நாற்காலியில் இருக்கிறார். மீன் ஒன்றும் விடவில்லையே, அது வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். வெறும் புழு. தொட்டிக்குள் இருக்கும் புழு தொட்டிக்குள்தானே இருக்கும்.

பிறகு படகுத்துறை ஞாபகம் வந்தது. காணாமல் போன மீனை அவர் தேடும் விதம்.

அவர்கள் ஊரான ஃப்ளையிங் ஃபிஷ் பாயின்ட் முழுக்க இருட்டு. மத்தியானம் மணி மூன்றுகூட ஆகியிருக்காது, வானம் அடுப்புக்கரிபோல இருந்தது. படிகளில் ஏறும்போது வழுக்கி முழங்காலில் அடிபட்டது, அவளுக்கு உறைக்கவில்லை. பூட்டில் சாவி நுழைய மாட்டேன் என்றது. கதவுக்குப் பின்னாலிருந்து பேச்சுக்குரல். மெர்வினின் குரல். தாழ்ந்த, மிருதுவான குரல், பயந்த குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோல.

உயிரோடு இருக்கிறார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கதவைத் தள்ளினாள்.

நாற்றம்தான் முதலில் வந்தது. கடல் வற்றி, பாறையெல்லாம் வெளியே தெரியும்போது வரும் நாற்றம். அதோடு வேறொன்று, கசாப்புக்கடை வாசலில் வருவது.

பலகை சாத்திய கூடம். ஒன்றும் தெரியவில்லை. பம்ப் இல்லை, தவளை இல்லை. தண்ணீர் மெல்லத் தளும்பும் சத்தம் மட்டும். மேஜைமேல் தடவி டார்ச்சை எடுத்தாள். சிவப்புத் தாள் இன்னும் கட்டியிருந்தது. அமுக்கினாள்.

வலைச்சட்டம் சுவரோரமாகச் சாய்ந்திருந்தது. மெர்வின் நாற்காலியைத் தொட்டியோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். வலது சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டி, கையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். கன்னத்தைக் கண்ணாடி விளிம்பில் சாய்த்திருந்தார். சிவப்பு வெளிச்சத்தில் தண்ணீர் தெளிவாக இருந்தது, வெறும் தண்ணீர், அதற்குள் அவருடைய தோள் வெளுப்பாக இறங்கியது. முழங்கை தெரிந்தது. அதற்குக் கீழே பாறையின் நிழல்.

"மெர்வ். கைய எடு."

அவர் திரும்பவில்லை. கண்ணாடிக்குள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெர்வ், நான்தான். மெதுவா கைய வெளிய எடு."

"உஷ்," என்றார்.

பழைய மீன்கள் மேல் மூலையில் இல்லை. ஒன்றுகூட இல்லை. அவள் டார்ச்சில் கட்டியிருந்த தாளைப் பிய்த்தாள். வெள்ளை வெளிச்சம் கண்ணாடியில் அடித்தது.

தண்ணீர் சிவப்பு.

தொட்டி முழுக்க. கண்ணாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, மேலிருந்து மணல்வரை. அந்தச் சிவப்புக்குள், கண்ணாடியை ஒட்டி, ஒன்று நகர்ந்தது. முத்துச்சிப்பியின் உட்புறம்போலப் பளபளத்தது. அவளுடைய மணிக்கட்டு கனம். வளையம் வளையமாக. நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது. முடியவே இல்லை. பாறையின் ஒரு துளையிலிருந்து வந்தது, அடுத்த துளைக்குள் போனது, அதற்கடுத்ததிலிருந்து வந்தது. அந்தப் பாறைக்குள் பாறையே இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"வெளக்கு போடாத கிளென்," என்றார் மெர்வின். "சாப்புட்டுக்கிட்டிருக்கு."

கிளென். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவர் அவள் பெயரைச் சொன்னதில்லை. அதற்காக அவள் எத்தனையோ காலை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இப்போது சொல்கிறார். கண்ணில் தெளிவு இருந்தது. முகத்தில் வலி இல்லை. படகிலிருந்து நல்ல வேட்டையோடு இறங்கி வருகிற அந்தப் பழைய மெர்வினின் முகம்.

அவள் ஓடிப்போய் அவர் தோளைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். கை சுலபமாக வந்துவிட்டது. கனமே இல்லாமல். முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லாமல்.

மெர்வின் அதைக் குனிந்து பார்த்தார், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீருக்கு மேலே ஐந்து மெல்லிய விரல்கள் எழுந்து, தொட்டியின் விளிம்பைத் தாண்டி, காற்றில் தடவித் தடவி எதையோ தேடின.

மெர்வின் இடது கையை அவளிடம் நீட்டினார். அந்தக் கையின் சட்டைப் பொத்தானைப் பார்த்து, இயலாமையில் வெட்கப்பட்டவர்போலச் சிரித்தார்.

"இத கொஞ்சம் கழட்டி விடு கிளென். ஒத்தக் கையால முடியல."